அதிகாலை விமானத்துக்கு வண்டி: முந்தின இரவே ஆப்பில் போட்டு வைத்தால் போதுமா?

நவம்பர் 12, 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: ஜனவரியில் அம்மா தனியாக டெல்லி போகிறார். காலை 6.20 விமானம். வீடு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். எனக்கு அன்று வேலையை விட்டு வர முடியாது. முந்தின இரவே ஆப்பில் நேரம் குறித்து கேப் புக் செய்துவிட்டால் வந்துவிடும்தானே? பெங்களூரில் எல்லோரும் இதற்குப் போய் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

நவம்பர் 12, இரவு 10.40

வந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன். இரண்டு நாள் முன்பு, 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை மகனுக்கு மதுரைப் பக்கம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். சனிக்கிழமை இரவு 11 வரை ஷிஃப்ட், லீவு கேட்டும் கிடைக்கவில்லை, அதனால் பஸ்ஸை விட்டுவிட்டுக் காலை 6.10 விமானம் எடுத்தேன். ஆப்பில் 3.15க்கு வண்டி போட்டு, புக்கிங் உறுதி என்று செய்தியும் வந்து, நிம்மதியாகப் படுத்தேன்.

3.05 வரை டிரைவர் பெயர் வரவில்லை. 3.10க்கு ஒருவர் பெயர் வந்தது, அவர் போன் செய்து எங்கே போக வேண்டும், கேஷா ஆன்லைனா என்று கேட்டார், ஆன்லைன் என்றேன், வைத்தார், ரத்தானது. இரண்டாவது வண்டி மேப்பில் ஒரே இடத்தில் 14 நிமிடம் நின்றது. போனை எடுக்கவில்லை. மூன்றாவது வண்டி வாசலுக்கு வந்தபோது மணி 4.12. நான் இருக்கும் அல்சூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 35 கிலோமீட்டர் சொச்சம். அந்த நேரத்தில் 50 நிமிடத்தில் போய்விடலாம், ஆனால் அன்று போக முடியவில்லை, காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். கவுன்ட்டர் முன்னால் நான் நின்றது 5.14க்கு. அவர்கள் 5.10க்கே மூடிவிட்டார்கள்.

கடுக்கன் டப்பா என் சட்டைப் பையில் இருந்தது. சிவப்பு வெல்வெட் டப்பா, மூடி சரியாக மூடாது என்று ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அங்கே சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்து, யாரிடமோ இருந்த சின்னக் கம்மலைப் போட்டுக் காது குத்தினார்கள். தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: போதாது. அம்மா தனியாகப் போகிறார் என்றால் நிச்சயம் போதாது.

நவம்பர் 13

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவில்லை. முன்கூட்டியே புக் செய்தால் அப்போதே ஒரு டிரைவர் நமக்காக ஒதுக்கப்படுகிறார் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். எல்லா ஆப்பிலும் அப்படி இல்லை. சிலவற்றில், குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தேடவே ஆரம்பிக்கிறது. அதாவது நீங்கள் அலாரம் வைத்து எழுந்து புக் செய்யும் வேலையை அது உங்களுக்காகச் செய்கிறது, அவ்வளவுதான். சிலவற்றில் முன்னதாகவே டிரைவரை ஒதுக்குகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் ஆப் எந்த வகை என்று பாருங்கள். முந்தின இரவு தூங்கப் போகும்போது டிரைவர் பெயரும் வண்டி நம்பரும் திரையில் இல்லையென்றால் உங்களிடம் வண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 16

ஞாயிறு ஏன் தாமதமானது என்று ஒருவர் கேட்டிருந்தார். நந்தி மலை. சனி, ஞாயிறு அதிகாலையில் சூரிய உதயம் பார்க்க ஊரே கிளம்புகிறது. கார், பைக் எல்லாம் இதே பல்லாரி ரோட்டில், ஹெப்பாள் தாண்டி எலஹங்கா வழியாக, தேவனஹள்ளி வரை நம்மோடுதான் வருகின்றன. சாதஹள்ளி டோல் பக்கம் அன்று பைக் கூட்டம் மூன்று வரிசையாகப் போனது. வாரநாளில் 3.30க்குக் கிளம்பினால் சரி என்றால், சனி ஞாயிறில் 20 நிமிடம் முன்னால் கிளம்புங்கள். திங்கட்கிழமை வேறு கதை, வாரம் முழுக்க வெளியூர் போகிற கூட்டம் அன்று காலையில்தான் கிளம்பும், டெர்மினல் உள்ளே செக்யூரிட்டி வரிசை நீளும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 6.20 விமானம். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், ஆக 5.20. வயதானவர், பெட்டி இருக்கும், வரிசை இருக்கும், 4.30க்கு அங்கே இறங்கினால்தான் பதற்றம் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். மேம்பாலச் சாலையில் சில்க் போர்டு வரை பறந்துவிடலாம், அதற்கப்புறம் அவுட்டர் ரிங் ரோடு முழுக்க மெட்ரோ வேலை நடக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் வைத்தால் 3.15, ஏதாவது தடங்கலுக்கு கால் மணி. வண்டி 3 மணிக்கு வாசலில் நின்றாக வேண்டும். 3 மணிக்குக் கிளம்புவது வேறு, 3 மணிக்கு டிரைவரைத் தேடுவது வேறு.

நவம்பர் 17

பெட்டி பற்றி ஒரு மறுயோசனை. நான் 5.14க்குப் போனபோது வெப் செக்-இன் முடித்து, கைப்பையோடு மட்டும் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். கேட் மூடுவது 25 நிமிடம் முன்னால்தான், எனக்கு இன்னும் அரை மணி இருந்திருக்கும். என்னை நிறுத்தியது சீர்ப் பெட்டி. பித்தளைக் குடம், தங்கைக்குப் பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். கைப்பையில் 7 கிலோதான் விடுவார்கள், குடத்தோடு சேர்த்து 13 கிலோ வந்தது. குடத்தை மதுரையிலேயே வாங்கியிருக்கலாம், புதுமண்டபத்துப் பக்கம் கிடைக்காத பித்தளையா? முந்தின நாளே பார்சலில் போட்டிருக்கலாம். அதிகாலை விமானத்துக்கு வண்டியைப் பற்றி யோசிக்கிற அதே மூச்சில் பெட்டியையும் யோசியுங்கள். பெட்டி இல்லாவிட்டால் 35 நிமிடம் கையில் மிச்சம்.

நவம்பர் 24

மேப்பில் 14 நிமிடம் அசையாமல் நின்ற டிரைவரை நான் மனத்துக்குள் நிறையத் திட்டியிருந்தேன். இந்த வாரம் அது கொஞ்சம் மாறிவிட்டது.

எங்கள் தெரு முனை இட்லிக் கடையில் காலை 6 மணிக்கு மஞ்சள் போர்டு வண்டிகள் நான்கைந்து நிற்கும். மர்ஃபி டவுனில் குடியிருக்கிற ஒருவர், பென்னாகரம் பக்கத்துக்காரர், பதினோரு வருடமாக பெங்களூரில் ஓட்டுகிறார், அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நடந்ததைக் கேட்டதும் அவர் சொன்னார், "சார், ராத்திரி 12க்கு ஒரு டூட்டி முடிச்சவன் வண்டிலயே சீட்டைச் சாய்ச்சுத் தூங்குவான். ஆப்பு ஓடிட்டே இருக்கும். டூட்டி அடிச்சதும் தூக்கத்துல கைபட்டு எடுத்துடுவான். அவன் உங்களை ஏமாத்தல சார், தூங்கிட்டான்."

அப்புறம் கணக்கைச் சொன்னார். அதிகாலை 2லிருந்து 4 வரை ஐடி கம்பெனிகளின் லாக்அவுட் டூட்டி, அதாவது ஷிஃப்ட் முடிந்தவர்களை வீட்டில் விடும் சவாரி, ஓடுகிற நேரம், அதில் மாதக் காசு நிச்சயம், அதனால் நிறைய வண்டிகள் அந்தப் பக்கம் போய்விடும். மிச்சம் இருப்பவர்களில் பலர் இரவு முழுக்க ஓட்டி முடித்து வீட்டுப் பக்கம் திரும்புகிறவர்கள். வீடு கெங்கேரியில் இருக்கிறவருக்கு அந்த நேரத்தில் தேவனஹள்ளி என்றால் எதிர்த்திசை. இறக்கிவிட்ட பிறகு அங்கே பார்க்கிங்கில் வரிசையில் காத்திருந்தால்தான் திரும்பும் சவாரி, அது ஒரு மணியோ மூன்று மணியோ, இல்லையென்றால் 35 கிலோமீட்டர் காலி வண்டி. கேஷா ஆன்லைனா என்று கேட்பதும் அதனால்தான், கையில் காசு இருந்தால் உடனே டீசல் போட்டுக்கொள்ளலாம், ஆன்லைன் காசு கணக்கில் விழ நேரமாகும்.

ரத்து செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வர முடியாது என்று முதல் நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னிரவு 3 மணிக்கு யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்துவிடுவார் என்று நம்பி ஒரு குழந்தையின் காதுகுத்தை வைத்தது நான்தான்.

அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு இரண்டு கிலோமீட்டர். இதுதான் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிகிறது: டிரைவர் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தூங்குகிறவராக இருக்க வேண்டும். நல்ல வண்டி, நல்ல ரேட்டிங் எல்லாம் அதற்கப்புறம்.

நவம்பர் 25

பஸ்ஸைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். நியாயம். விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ் இந்த ஊரின் நல்ல விஷயங்களில் ஒன்று. ஏசி, பெட்டி வைக்க உள்ளேயே இடம், கட்டணம் கேப்பில் ஒரு சிறு பங்குதான், முக்கியமாக டிரைவர் கேன்சல் செய்யமாட்டார். மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து தடம் எண் கேஐஏ 9, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கேஐஏ 8, பனசங்கரியிலிருந்து கேஐஏ 5. மெஜஸ்டிக்கில் இரவிலும் பஸ் உண்டு, மற்ற தடங்களில் உங்கள் நிறுத்தத்துக்கு அந்த நேரத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு உபாயம், ஹெப்பாள். ஊரின் பல மூலைகளிலிருந்து வரும் கேஐஏ பஸ்கள் பெரும்பாலும் அங்கே வந்துதான் பல்லாரி ரோட்டைப் பிடிக்கின்றன. வண்டி காலை வாரிவிட்டால் கிடைத்த ஆட்டோவில் ஏறி ஹெப்பாள் எஸ்டீம் மால் நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள், எந்த கேஐஏ வந்தாலும் அது நம் பஸ்தான். அன்று 3.30க்கே எனக்கு இது தோன்றியிருந்தால் விமானத்தைப் பிடித்திருப்பேன், உட்கார்ந்து மேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஆனால் பின்னிரவில் பெட்டியோடு அங்கே தனியாக நிற்க உங்கள் அம்மாவை அனுப்பாதீர்கள். இது என்னைப் போன்றவர்களுக்கு.

நவம்பர் 25, சற்று பிறகு

மெட்ரோ கேட்டவருக்கு: விமான நிலையப் பாதை இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. ஓடுகிற பாதைகளிலும் பின்னிரவு 3 மணிக்கு ரயில் இல்லை, நம் கதைக்கு உதவாது. ரயில் கேட்டவருக்கு: விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 2021 ஜனவரியில் திறந்த ஹால்ட் ஸ்டேஷன் இருக்கிறது, வண்டிகள் மிகச் சில, இறங்கி அங்கிருந்து டெர்மினலுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். 6 மணி விமானத்துக்கு அதை நம்பி நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

டிசம்பர் 1

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கார மாமா அல்சூரில் ஐம்பது வருடமாக இருப்பவர். "எங்க காலத்துல ஏர்போர்ட்டுக்கு ஆட்டோலதான் போவோம், விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால வீட்டுல காபி குடிச்சிட்டு இருப்போம்" என்றார். அவர் சொல்வது பழைய எச்ஏஎல் விமான நிலையம், முருகேஷ்பாளையா பக்கம், இங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். 2008 மே 24 அன்று தேவனஹள்ளி திறந்தது, பயணிகள் விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. நாம் பின்னிரவில் எழுந்து பல்லாரி ரோட்டில் ஓடுகிற ஓட்டமெல்லாம் அன்றிலிருந்துதான்.

அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்குப் பயன்படும். எங்கள் சந்துக்கு மேப் காட்டும் வழி தப்பு, பின்பக்க மதிலுக்குக் கொண்டுபோய் விடும். பகலில் யாரையாவது கேட்கலாம், இரவில் யாரைக் கேட்பது? மாமா எந்த டிரைவரிடமும் முகவரி சொல்வதில்லை, "ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைக்கு வாங்க, அங்கே நிக்கறேன்" என்பார். கோணிக்குள்ளேயே 18 வருடம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த சிலை, தெரியாத டிரைவர் இல்லை. உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும். பிக்கப் இடமாக அதைச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் நடந்தாலும் பரவாயில்லை. அம்மாவை நடக்கவைக்க முடியாதென்றால் முந்தின நாள் மாலையே டிரைவரை ஒரு முறை வீட்டு வாசலுக்கு வரச் சொல்லிக் காட்டிவிடுங்கள், அதற்கு ஐம்பதோ நூறோ கொடுங்கள்.

டிசம்பர் 8

டெர்மினல்! இதை எப்படி மறந்தேன். 2022 நவம்பரில் இரண்டாவது டெர்மினல் திறந்தது, மூங்கிலும் தொங்கும் செடிகளுமாக இருக்குமே, அது. டிக்கெட்டில் டி1ஆ டி2ஆ என்று போட்டிருக்கும், அதைக் காகிதத்தில் பெரிதாக எழுதி அம்மா கையிலும் டிரைவரிடமும் கொடுங்கள். தப்பான இடத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம் என்று பார்க்கத் தோன்றும், பெட்டியோடு அது பெரிய தூரம்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், இறங்கிய இடத்திலேயே தேடி அலைய வேண்டாம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே டிரைவர் வாசலோடு சரி.

டிசம்பர் 21

இன்று காலை ஏரி முழுக்கப் பனி, எதிர்க்கரை தெரியவில்லை. டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளியில் இதைவிட அடர்த்தி. 2019இல் வந்த இரண்டாவது ஓடுபாதையில் மூடுபனிக்கான கருவிகள் வைத்த பிறகு முன்னைவிடப் பரவாயில்லை என்றாலும் அதிகாலை விமானங்கள் தாமதமாவது உண்டு. இதில் ஒரு தப்புக்கணக்கு போடுகிறார்கள்: விமானம் தாமதம் என்று செய்தி வந்துவிட்டது, நாமும் நிதானமாகப் போகலாம் என்று. கவுன்ட்டரை டிக்கெட்டில் போட்டிருக்கும் பழைய நேரக் கணக்கிலேயே அவர்கள் மூடிவிடக்கூடும். விமான நிறுவனத்தைக் கேட்காமல் கிளம்பும் நேரத்தைத் தள்ளாதீர்கள். பனியில் வண்டியும் மெதுவாகத்தான் போகும், கூடுதலாக கால் மணி.

டிசம்பர் 22

நவம்பர் 24 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். பக்கத்தில் இருக்கும் டிரைவர் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். நம் டிரைவரும் மனிதர்தான், அவருக்கும் காய்ச்சல் வரும், வண்டி பஞ்சராகும். அவரிடமே கேட்டேன். "நான் வர முடியலன்னா என் மச்சானை அனுப்புவேன் சார், அவன் நம்பரும் வச்சுக்குங்க" என்றார். நாங்கள் பேசி வைத்தது இதுதான். தொகை டோலோடு சேர்த்து 1,100, பிறகு பேரம் இல்லை. முந்தின இரவு 9க்கு நான் போன் செய்வேன். கிளம்பும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்னால் அவர் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார், எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த மிஸ்டு கால் வராவிட்டால் நான் அந்த நிமிடமே மச்சானைக் கூப்பிடுவேன், கூடவே ஆப்பிலும் தேடுவேன். 40 நிமிடம் இருந்தால் எதையும் சரிசெய்யலாம். அன்று எனக்குத் தெரியவந்தது கிளம்ப வேண்டிய நேரத்தில்.

ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, சிலர் அப்படிப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டாவது வழியாக இருக்கட்டும்.

ஜனவரி 5, 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், அவர்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மூலமாக பொம்மசந்திராவில் ஒரு டிரைவர் கிடைத்தாராம். வாட்ச்மேனைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எந்த வீட்டுக்கு எந்த வண்டி எத்தனை மணிக்குச் சொன்னபடி வருகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்!

அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள் எழுதினேன்: அம்மாவையே ஒரு முறை டிரைவரிடம் போனில் பேசவிடுங்கள். குரல் பழகினால் இருட்டில் வண்டி ஏறப் பயம் இருக்காது.

ஜனவரி 10

அம்மா டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி 2.50க்கே வந்து நின்றதாம். வழியில் அம்மா டிரைவருக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறார், 4.20க்கு டி2 வாசலில் இறங்கினாராம். படித்ததும் என் வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்ததுபோல் இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு, காலை 5.25

கேட் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு மதுரை, அதே 6.10. மிஸ்டு கால் 2.25க்கு வந்தது, நந்தி மலைக் கூட்டத்துக்காக 3.05க்கே கிளம்பினோம். எலஹங்கா தாண்டியதும் பனி, டிரைவர் அண்ணன் முன்விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நாற்பதில்தான் ஓட்டினார், இருந்தும் 4.10க்கு இறங்கிவிட்டேன். 1,100க்கு மேல் நூறு கொடுத்தேன், பொங்கல் காசு என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார். கைப்பை மட்டும்தான், 6 கிலோ. டப்பா சட்டைப் பையில் இருக்கிறது.

ஜனவரி 16

கடுக்கன் போட்டாகிவிட்டது. காது நன்றாக ஆறியிருந்தது. பாட்டி தேங்காய் எண்ணெய் தொட்டுப் பழைய கம்மலைக் கழற்ற, குழந்தை என் மடியில் உட்கார்ந்து டப்பாவின் ரப்பர் பேண்டை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். திரும்பும் விமானம் இரவு 9க்கு இறங்குகிறது, அந்த நேரத்துக்கு அண்ணனைத் தொந்தரவு செய்யவில்லை, கேஐஏ 9 பிடித்து மெஜஸ்டிக் வந்துவிடுவேன்.